குவேனி மனிசி இல்லையா?

விஜயன், குவேனி கதையை நாம் எல்லோரும் பாடசாலையில் படித்திருக்கிறோம். மகாவம்சத்தில் குவேனி ஓர் இயக்கி, உருமாறக்கூடியவள். 16 வயதுக் குமரியாக உருவெடுத்து விஜயனுடன் சேர்கிறாள். தன் இனத்தாரையே வெல்ல அவனுக்கு உதவுகிறாள். இரண்டு பிள்ளைகளும் பிறக்கின்றன.

பிறகு மதுரையிலிருந்து பாண்டிய இளவரசி வருகிறாள். குவேனியைப் போகச் சொல்கிறான் விஜயன். மனிதரல்லாதோருக்கு மக்கள் பயப்படுவார்கள் என்பதுதான் அவன் சொன்ன காரணம். இயக்கரிடம் திரும்பியவளை அங்கே ஓர் இயக்கனே அடித்துக் கொல்கிறான். பிள்ளைகள் மலைநாட்டுக்கு ஓடித் தப்புகிறார்கள்.

விஜயன் வந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு கி.மு. 543. மகாவம்சம் எழுதப்பட்டதோ ஏறத்தாழ 1000 வருடங்களுக்குப் பிறகு. இயக்கர் என்போர் இங்கு முன்பே வாழ்ந்த மக்களாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

ஒரு கூட்டத்தை மனிதரில்லை என்று சொல்லிவிட்டால் துரத்துவது இலேசு. நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வோம்.