மைல்கல் முதல் குறியெண் வரை: கேரளத் தமிழ் எல்லையில் நிறுத்தப் பெயர்கள்

கோட்டயத்திலிருந்து குமுளிக்கு ஏறும் சாலையில் முண்டக்கயத்தைக் கடந்ததும் வரும் ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயர் முப்பத்தைந்தாம் மைல். மூணாற்றுக்குச் செல்லும் வழியில் பள்ளிவாசல் பகுதியில் இரண்டாம் மைல் என்றொரு நிறுத்தம் உண்டு. மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சாலைகளிலிருந்து மைல் மறைந்தது. நடத்துநரின் வாயிலிருந்து மறையவில்லை. மலையில் முதலில் வந்தது ஊரன்று, சாலை. சாலையோரம் மைல்கல் நட்டனர். கல்லருகே கடை வந்தது, குடியிருப்பு வந்தது. கல்லிலிருந்த எண்ணே ஊருக்குப் பெயராயிற்று. எந்த மொழியினரும் படித்துக்கொள்ளக்கூடிய நிறுத்தக் குறியெண் இம்மலைகளுக்குப் புதிதன்று.

இதற்கு இணையான மற்றொரு பெயரடுக்கு தேயிலை நிறுவனத்தால் உருவானது. கண்ணன் தேவன் மலைகளில் 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையொன்று போடப்பட்டது. அதில் வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908இல் அது சிறு இரயில் பாதையாக மாற்றப்பட்டது. மூணாற்றுத் தேயிலை அதன் வழியே மலை விளிம்புவரை சென்று, கம்பிவடத்தில் கொட்டக்குடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தது. மலையாள ஆண்டு 1099இல், அதாவது 1924இல், ஏற்பட்ட பெருவெள்ளம் அந்த இரயிலை அழித்துவிட்டது. நூறாண்டு கடந்தும் அதன் கடைசி நிலையம் ‘டாப் ஸ்டேஷன்’ என்ற பெயரிலேயே பேருந்துகளின் நெற்றியில் இருக்கிறது. இரயிலே இல்லாத ஊருக்கு ஸ்டேஷன் என்ற பெயர் எப்படி வந்தது என்று சுற்றுலாப் பயணிகளுள் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

தோட்டங்களின் பெயர்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. பெரியவாரை, கன்னிமலை, நல்லதண்ணி போன்றவை தொழிலாளர் வாயில் வழங்கிய தமிழ்ப் பெயர்கள். அவற்றை ஆங்கிலேயர் தம் செவிக்குக் கேட்டபடி ரோமன் எழுத்தில் பதிந்தனர். அப்பதிவுகளே ஆவணங்களில் நிலைத்தன. அந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பெயரை மலையாளத்தில் எழுதும்போது, தமிழில் தோன்றிய பெயர் இரண்டு எழுத்துமுறைகளைக் கடந்து தமிழருக்கே அந்நியமாகித் திரும்புகிறது.

அரசுப் பேருந்து இப்பெயர்களை ஒழுங்குபடுத்தும் நோக்கத்துடன் வந்ததன்று. திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறை 1938 பிப்ரவரி 20 அன்று தொடங்கப்பட்டது. இலண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய ஈ. ஜி. சால்டர் அதன் கண்காணிப்பாளராக அழைத்து வரப்பட்டார். தொடக்க காலத் தடங்களுள் ஒன்றான திருவனந்தபுரம்–கன்னியாகுமரித் தடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசப்பட்ட பகுதி வழியே ஓடியது. ஒரே அரசின் கீழ் இரு மொழியினர் பயணம் செய்வது அத்துறைக்குப் பிறந்த நாள் முதல் தெரிந்த செய்தி.

1956 நவம்பர் 1 இந்நிலையை மாற்றியது. மாநில மறுசீரமைப்பில் கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே மிகுதியாக இருந்தபோதும், அவர்களில் கணிசமானோர் தோட்டங்களுக்கு வந்துபோகும் தொழிலாளர் என்ற வாதம் மேலோங்கியது. வந்துபோவோர் என எண்ணப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே நிறுத்தங்களில் பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள். வடக்கே நிலைமை வேறு. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதன் அருகிலிருந்த சிற்றூரோ கொச்சி அரசின் பகுதி. 1957இல் பாலக்காடு மாவட்டமும் 1972இல் இடுக்கி மாவட்டமும் உருவாயின. ஆட்சி எல்லைகள் இத்தனை முறை வரையப்பட்டும், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிச் சந்தைக்குச் செல்பவரின் வழி மாறவில்லை.

மறுசீரமைப்பு நடந்த அதே 1956இல் மொழிச் சிறுபான்மையினர் பாதுகாப்புக்கான குறிப்பாணையொன்றை ஒன்றிய அரசு வெளியிட்டது. ஒரு பகுதியில் சிறுபான்மை மொழியினர் 15 முதல் 20 விழுக்காடு இருந்தால் முக்கிய அரசு அறிவிப்புகளையும் விதிகளையும் அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது அதன் ஒரு கூறு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் அரசுடன் தத்தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வழி செய்தது. இவ்விரு ஆவணங்களின் சிந்தனையும் தாளைச் சுற்றியே அமைந்தது: மனு, மறுமொழி, விதி, அறிவிப்பு. ஆனால் தோட்டத் தொழிலாளி ஒருவர் அரசின் எழுத்தை நாள்தோறும் எதிர்கொள்ளும் இடம் பேருந்தின் பெயர்ப்பலகை. அது ‘அறிவிப்பு’ ஆகுமா என்ற கேள்விக்கு ஆவணங்களில் விடையில்லை. அந்த இடைவெளியைச் சந்தையே ஓரளவு நிரப்பியது. சிற்றூர் எல்லையில் தமிழிலும் பெயர் எழுதிய தனியார் பேருந்துகளுக்குப் பின்னால் இருந்தது சட்டமன்று, பயணச்சீட்டு வருவாய்.

2025இன் தொடக்கத்தில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் புதிய பலகை முறையொன்றை முன்வைத்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இரண்டு ரோமன் எழுத்துகள், அவற்றோடு ஓர் எண். மலையாளம் படிக்கத் தெரியாத வெளிமாநிலத் தொழிலாளரும் பயணிகளும் பேருந்தை அடையாளம் காண உதவுவதே நோக்கம். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தோர் தேயிலை பறிக்கும் இன்றைய மூணாற்றுக்கு இது தேவையானதே. எனினும் இதில் கவனிக்கவேண்டிய நழுவல் ஒன்று உண்டு. இம்மண்ணில் நான்கைந்து தலைமுறைகளாக வாழும் தமிழர், நேற்று வந்திறங்கியவரோடு சேர்த்து ‘மலையாளம் தெரியாதோர்’ என்ற ஒரே வகைக்குள் அடைக்கப்படுகிறார். முன்னவருக்கு உள்ளது மொழி உரிமை. குறியெண் தருவது வசதி. வசதி வந்துவிட்டதால் உரிமை நிறைவேறிவிட்டதாகக் கணக்குக் காட்டும் வாய்ப்பு நிர்வாகத்துக்கு எளிது.

இரயில்வே இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை. பால்காட் என்ற ஆங்கில வடிவம் பாலக்காடு என மாறிய பிறகும் சந்திப்பு நிலையத்தின் குறியீடு பி.ஜி.டி. என்றே நீடிக்கிறது. குறியீடு பொறிக்கும் பதிவேட்டுக்கும் உரியது, அதனால் அது மாறத் தேவையில்லை. பெயர்ப்பலகை மனிதருக்கானது, அதனால் அது பல எழுத்துகளில் நிற்கிறது. பிரிட்டனில் ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்துக்கும் தேசிய அளவில் தனிக் குறியீடு உண்டு. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து அமைப்பும் கூகுளும் சேர்ந்து உருவாக்கிய ஜி.டி.எஃப்.எஸ். தரவு வடிவத்திலும் நிறுத்தத்தின் அடையாளம் ஒரு புலம், பெயர் வேறொரு புலம், அமைவிடம் மற்றொன்று. பிறமொழிப் பெயர்களுக்குத் தனிக் கோப்பே பின்னர் சேர்ந்தது. கொச்சி மெட்ரோ 2018இல் இவ்வடிவில் தன் தரவைப் பொதுவெளியில் வைத்தது. ஆகவே கருவி கேரளத்துக்குப் புதியதன்று.

எல்லையில் இப்பிரிப்பு ஏன் இன்றியமையாதது என்பதைச் சோதனைச் சாவடி ஊர்களே காட்டும். கோபாலபுரம், கோவிந்தபுரம், மீனாட்சிபுரம் ஆகியவை பாலக்காட்டு எல்லை ஊர்கள். இவற்றின் பெயர்கொண்ட ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பெயரை மட்டும் நம்பும் தரவுத்தளம் தடுமாறும். இயந்திர எழுத்துப்பெயர்ப்பும் உதவாது. மலையாள வடிவத்தை அப்படியே எழுத்து மாற்றினால் ‘கொழிஞ்ஞாம்பாற’, ‘மூன்னார்’ என்றுதான் வரும். தமிழின் ‘ஞ்ச’ மலையாளத்தில் ‘ஞ்ஞ’ ஆவதும் இறுதி ஐகாரம் அகரமாவதும் மொழியியல் மாணவர் அறிந்த ஒழுங்குகளே. மாணவர் அறிந்ததைப் பலகை எழுதுவோர் அறிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. சரியான தமிழ் வடிவங்களை லயங்களிலும் சந்தைகளிலும் வழங்கும் வழக்கிலிருந்தே திரட்ட வேண்டும்.

தமிழ்நாட்டுப் பக்கமும் இதில் முன்னோடி என்று சொல்வதற்கில்லை. 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிய அரசாணை 2020 ஜூனில் வெளிவந்து, கடும் விமர்சனத்துக்குள்ளாகி, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. மேலிருந்து ஒரே வீச்சில் பெயரைத் திருத்தும் முயற்சிக்கு அது அண்மைக்காலச் சான்று.

இரு அரசுகளும் சேர்ந்து இப்பணியைத் தொடங்குவதானால் பரம்பிக்குளம் நல்ல இடம். பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூருக்குச் சாலைவழிப் பேருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப் சிலிப் வழியாகவே போக முடியும். கேரளத்தின் நிறுத்தப் பட்டியல் மாநில எல்லையோடு முடிந்தால் அந்தத் தடத்தின் நடுப்பகுதி முழுவதும் பட்டியலில் இராது. தமிழ்நாட்டின் பட்டியலும் அப்படியே முடிந்தால் பேருந்து போய்ச்சேரும் ஊரே இராது.