போமற் செய்யாதீர்கள்: பழுதான மெமரி கார்டிலிருந்து கோப்புகளை மீட்பது எப்படி?

கிளிநொச்சியில் இருக்கும் என் சின்னம்மா ஒருநாள் சின்னப் பிளாஸ்டிக் பையொன்றுக்குள் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டைக் கொண்டுவந்து தந்தார். 16 ஜிபி. ஒரு காலத்தில் அவருடைய மகனின் பிஎஸ்பி விளையாட்டுக் கருவிக்குள் இருந்தது. தம்பி இப்போது வெளிநாட்டில். பாட்டுப் பதியக் கொடுத்த இடத்தில், பதிந்துகொண்டிருக்கும்போதே யாரோ கார்டை இழுத்துவிட்டார்கள். அதன்பிறகு எந்தக் கணினியில் போட்டாலும், பாவிப்பதற்கு முன் போமற் செய்யச் சொல்லியே கேட்டது.

அந்தக் கார்டுக்குள் சித்தப்பாவின் படம் ஒன்று இருந்தது. 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர் அவர். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்துக்குச் சின்னம்மா கொண்டுபோவது, அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தெடுத்த ஒன்று. கார்டில் இருந்தது வேறு படம்: கைக்குழந்தையாக இருந்த தம்பியைச் சித்தப்பா தூக்கி வைத்திருப்பது. உறவினர் வீட்டு அல்பத்திலிருந்து போனில் எடுத்தது. அந்த அல்பம் 2018 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிப் போய்விட்டது.

“பிள்ளை, அவற்ற அந்த ஒரு படம் வந்தாலே காணும்” என்றார் சின்னம்மா. தம்பியும் போனில் கேட்டான்: “அக்கா, என்ர கேம் சேவும் வருமோ?”

இரண்டையும் தேடியபோது நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இப்படியொரு கார்ட் இல்லாத வீடு எங்களிடையே குறைவு.

அழிந்தது எது?

மெமரி கார்டை ஒரு தடித்த புத்தகமாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில், கார்டின் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு இருக்கும். அதுதான் பார்ட்டிஷன் அட்டவணை. அடுத்து, எந்தக் கோப்பு எந்தப் பக்கங்களில் இருக்கிறது என்ற பொருளடக்கம். 32 ஜிபி வரையான கார்டுகளில் இது பெரும்பாலும் ஃபாட் 32 முறையில் இருக்கும். அதைவிடப் பெரிய கார்டுகளில் எக்ஸ்ஃபாட்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டை இழுத்தால் பெரும்பாலும் கெடுவது இந்த முன்பக்கங்கள்தான். உள்ளே இருக்கும் படங்கள் அப்படியே கிடக்கும். ஃபாட் 32 தன் பொருளடக்கத்தில் வழமையாக இரண்டு பிரதிகளையும், தொடக்கப் பக்கத்துக்கு ஒரு மாற்றுப் பிரதியையும் வைத்திருக்கும். மீட்பு வேலைக்குக் கைகொடுப்பது அதுதான்.

செய்யக்கூடாதவை

போமற் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். குயிக் போமற் பொருளடக்கத்தை மட்டும் வெறுமையாக்கும். அதன் பிறகும் ஓரளவு மீட்கலாம். விண்டோஸின் முழு போமற், விஸ்டா காலத்திலிருந்து, கார்ட் முழுவதையும் பூச்சியங்களால் நிரப்பிவிடும். அதற்குப்பிறகு ஒன்றும் மிஞ்சாது.

திருத்தித் தருவதாகக் கணினி கேட்டாலும் உடனே சம்மதிக்க வேண்டாம். அந்தத் திருத்தம் கார்டின் மேலேயே எழுதும். புதிதாகப் படமெடுப்பதும் பாட்டுப் பதிவதும் கூடாது. எஸ்டி அடப்டரின் பக்கத்தில் உள்ள சின்னப் பூட்டைக் கீழே தள்ளி, எழுத முடியாதபடி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் ஒரு பிரதி

கார்டில் நேரடியாக வேலை செய்யாதீர்கள். அதை அச்சொட்டாகப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியில் வேலை செய்யுங்கள். விண்டோஸில் வின் 32 டிஸ்க் இமேஜர் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் ‘ரீட்’ என்பதையே அழுத்த வேண்டும். ‘ரைட்’டை அழுத்தினால் கார்ட் அழிந்துவிடும். 16 ஜிபி கார்டில் பத்துப் படம்தான் இருந்தாலும் பிரதிக்கு 16 ஜிபி இடம் வேண்டும்.

எங்கள் கார்டில் சில இடங்கள் வாசிக்க முடியாமல் இருந்ததால் அந்த மென்பொருள் இடையில் நின்றுவிட்டது. நண்பர் ஒருவரின் லினக்ஸ் மடிக்கணினியில் டிடிரெஸ்கியூவைப் பாவித்தோம். அது நல்ல இடங்களை முதலில் வாசித்து எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். இரவு முழுவதும் ஓடியது.

மீட்கும் இரண்டு வழிகள்

கிறிஸ்தோப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் இரண்டும் இலவசமாக ஒன்றாகவே கிடைக்கின்றன. ஆனால் இரண்டின் வேலையும் வேறு வேறு.

டெஸ்ட்டிஸ்க் தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும். பிரதியைத் திறந்து ‘அனலைஸ்’, பிறகு ‘குயிக் சேர்ச்’ கொடுங்கள். பார்ட்டிஷன் தெரிந்தால் ‘பி’ எழுத்தை அழுத்துங்கள். கோப்புகளின் பட்டியல் வரும். வேண்டியவற்றைத் தெரிவுசெய்து கணினிக்குப் பிரதியெடுத்துவிடலாம். பெயர், கோப்புறை எல்லாம் பழையபடியே வரும். தெரியாவிட்டால் ‘டீப்பர் சேர்ச்’ இருக்கிறது.

போட்டோரெக் பொருளடக்கத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் தனக்கே உரிய அடையாளத்தோடு தொடங்கும். அதைப் பக்கம் பக்கமாகத் தேடி எடுக்கும். படங்கள், வீடியோக்களுக்கு நல்லது. ஆனால் பெரும்பாலும் பெயர்கள் போய்விடும். துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்ட கோப்பு முழுதாக வராமலும் போகலாம்.

கேம் சேவுக்கு இந்த இரண்டாவது வழி உதவாது. பிஎஸ்பியில் ஒவ்வொரு சேவும் ‘சேவ்டேட்டா’வுக்குள் தனிக் கோப்புறை. அந்தப் பெயரை வைத்துத்தான் விளையாட்டு தன் சேவை அடையாளம் காணும். உள்ளே இருப்பது பெரும்பாலும் மறையாக்கம் செய்யப்பட்ட தரவு. வெளியிலிருந்து தேடிப் பிடிக்க அடையாளம் கிடையாது. ஆகவே முதலில் டெஸ்ட்டிஸ்க், அது முடியாதபோதே போட்டோரெக்.

மீட்க முடியாதவை

உடைந்த கார்டையும், எந்தக் கணினியும் கண்டுகொள்ளாத கார்டையும் மென்பொருளால் மீட்க முடியாது. ஆய்வுகூட வசதி உள்ளவர்களிடம் கேட்க வேண்டியதுதான். அண்ட்ரொய்ட் 6 முதல், கார்டைப் போனின் உள்சேமிப்பாக மாற்றும் வசதி உண்டு. அப்படி மாற்றினால் அந்தப் போனைத் தவிர வேறெதிலும் வாசிக்க முடியாது. போன் பழுதானால் படங்களும் போச்சு. போன் கேட்கும்போது, கழற்றிப் பாவிக்கும் சேமிப்பு என்பதையே தெரிவுசெய்யுங்கள். கொள்ளளவைக் கூட்டிக் காட்டும் போலிக் கார்டுகளும் சந்தையில் உண்டு. உண்மையான அளவைத் தாண்டியதும் அவை படங்களை விழுங்கத் தொடங்கும். புதிய கார்டை வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் சோதித்துவிடுங்கள்.

எங்களுக்குக் கிடைத்தது

தம்பியின் சேவ் கோப்புறைகள் முழுதாக வந்தன. சித்தப்பாவின் படத்தில் கீழ்ப்பகுதி சாம்பல் நிறமாகவே வந்தது. வாசிக்க முடியாத ஓர் இடத்தில் அது இருந்திருக்க வேண்டும். முகமும், தோளில் சாய்ந்த குழந்தையின் தலையும் தெளிவாக இருந்தன.

சின்னம்மா கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இதைக் கழுவித் தருவினமோ?” என்று கேட்டார். அடுத்தநாளே ஸ்டூடியோவில் இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று அவருடைய வீட்டில், மற்றது என்னிடம். கோப்பைத் தம்பிக்கும் அனுப்பிவிட்டேன்.

கார்ட் பிரதியெடுத்து வைக்கும் இடமல்ல; அதில் பதிந்த தரவு ஆண்டுக்கணக்கில் பாவிக்காமல் வைத்தால் மங்கவும் கூடும். உங்கள் வீட்டிலும் ஒரேயொரு கார்டில், ஒரேயொரு போனில் மட்டும் இருக்கும் படம் எது என்று இன்றைக்கே பாருங்கள். அதை வேறொரு வீட்டில் இருக்கும் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.