நான்கு நட்டும் ஒரு ஜாக்கியும்

“இன்ஜினை இறக்கணும்” என்று மெக்கானிக் சொன்னாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். அம்பாஸடர் மாதிரியான பழைய கார்களில் இன்ஜினை இறக்குவதில்லை. பானெட்டைக் கழற்றி, செயின் பிளாக்கை மாட்டி, மேலே தூக்கித்தான் எடுப்பார்கள். ஆனால் அந்தச் சொல் அப்படியே நிஜமான கார் ஒன்று உண்டு: ஃபோக்ஸ்வாகன் பீட்டில். அதில் இன்ஜின் உண்மையிலேயே கீழேதான் இறங்கும். செயின் பிளாக் தேவையில்லை. வீட்டு வாசலே போதும்.

இதற்குக் காரணம் 1930களின் ஜெர்மனியில் இருக்கிறது. ஃபெர்டினாண்ட் போர்ஷே குழுவிடம் ஹிட்லர் அரசு கேட்டது சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் ஒரு கார். (ஸ்டாம்ப் ஒட்டிப் பணம் சேர்த்த சுமார் 3,36,000 பேரில் ஒருவருக்குக்கூட அந்தத் திட்டத்தில் கார் கிடைக்கவில்லை என்பது தனிக்கதை.) குளிரில் உறைந்துபோகத் தண்ணீரே இருக்கக்கூடாது என்று காற்றால் குளிரும் இன்ஜினை வைத்தார்கள். அதைக் காரின் பின்னால் வைத்து, கியர்பாக்ஸின் முதுகில் தொங்கவிட்டார்கள். இன்ஜினுக்கென்று தனியாகத் தாங்கிகள் கிடையாது. கியர்பாக்ஸோடு அதைப் பிடித்து வைத்திருப்பவை நான்கே நான்கு இடங்கள்: மேலே இரண்டு, கீழே இரண்டு.

சரி, எப்படி இறக்குவார்கள்? முதலில் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். அடுத்து டைனமோ, காயில் வயர்கள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள்கள், பின்பக்கத் தகடு. பெட்ரோல் குழாயைக் கழற்றியதும் அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் டேங்க் முழுக்கத் தரையில்தான். ரேடியேட்டர் இல்லாததால் அந்த வேலை மிச்சம். மேல் போல்ட்களுக்குத்தான் ஆள் வேண்டும். ஒருவர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு போல்ட்டைப் பிடிக்க, இன்னொருவர் ஃபேன் கூட்டுக்குப் பின்னால் கையை நுழைத்து நட்டைத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி. எடை சுமார் 100 கிலோ.

அவசரப்பட்டுக் கீழே விட்டால் போச்சு. கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனி கிளட்சுக்குள் நுழைந்திருக்கும். இன்ஜினை நேராகப் பின்னுக்கு இழுத்து, அது முழுதாக விடுபட்ட பிறகுதான் இறக்க வேண்டும். அப்புறம் காரின் பின்பக்கத்தை உயர்த்தி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, இன்ஜினை வெளியே இழுக்கலாம். மாட்டும்போது இதே வரிசை தலைகீழாக. ஷாஃப்டின் பற்கள் கிளட்ச் தட்டுக்குள் சேரும்வரை, ஒருவர் புல்லியை மெல்லத் திருப்ப இன்னொருவர் தள்ள வேண்டும். பொறுமை சோதிக்கப்படுவது இங்கேதான்.

இதையெல்லாம் மெக்கானிக் அல்லாத ஆளுக்கும் சொல்லிக் கொடுத்தவர் ஜான் முயர். வேலையை உதறிவிட்டு நியூ மெக்ஸிகோவில் கார் பழுதுபார்க்க உட்கார்ந்த இன்ஜினியர். 1969-இல் அவரே வெளியிட்ட ‘ஹவ் டு கீப் யுவர் ஃபோக்ஸ்வாகன் அலைவ்’ புத்தகம், ஒன்றும் தெரியாதவருக்கான கையேடு என்றே தன்னைச் சொல்லிக்கொண்டது. பீட்டர் அஷ்வாண்டனின் படங்களோடு இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கையில் காசில்லாத ஒரு தலைமுறை, பழைய பீட்டிலையும் அந்தப் புத்தகத்தையும் வைத்தே ஓட்டிவிட்டது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பீட்டில் இன்ஜின் சுலபமாக இறங்கியது மட்டுமல்ல, அடிக்கடி இறங்கவும் வேண்டியிருந்தது. கிளட்ச் மாற்றவே இன்ஜினைக் கழற்றியாக வேண்டும். ஆயில் கூலர் காற்றுப் பாதையில் குறுக்கே நின்றதால் 3-ஆவது சிலிண்டருக்குக் காற்று குறைந்தது, அதன் எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் உடைவது பேர்போன கோளாறு. 1971 மாடலில்தான் கூலரின் இடத்தை மாற்றினார்கள். பீட்டில் கெடாத கார் இல்லை. கெட்டால் உரிமையாளரே சரிசெய்துகொள்ளக்கூடிய கார்.

1974-இல் வந்த கோல்ஃப் இந்த அமைப்பை முழுக்கக் கைவிட்டது: இன்ஜின் முன்னால், குளிர்விக்கத் தண்ணீர். பீட்டிலைவிட நல்ல கார் என்பதில் சந்தேகமில்லை. கடைசி பீட்டில் 2003 ஜூலை 30 அன்று மெக்ஸிகோவின் புவெப்லாவில் வெளிவந்தது. மொத்தக் கணக்கு 2,15,29,464.

2012-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பழுதுபார்க்கும் தகவல்களைக் கம்பெனிகள் உரிமையாளருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்று மக்கள் ஓட்டுப் போட்டுச் சட்டமாக்க வேண்டியிருந்தது. கார் தரமாகிக்கொண்டே வந்ததில் நமக்கு லாபம்தான். ஆனால் சொந்தக் காரைத் திறந்து பார்ப்பதை உரிமையாகக் கேட்டு வாங்க வேண்டிய நிலைமையும் கூடவே வந்துவிட்டது. முயர் காலத்தில் அதற்கு ஒரு ஸ்பேனரும், ஒரு ஜாக்கியும், அடியில் படுக்க ஒரு நண்பரும் போதுமாயிருந்தது.