கூழுக்கு உப்பு: கம்பெனி போட்ட பூட்டு

உப்பு என்றால் நம் பாடப்புத்தகத்துக்கு 1930 மட்டும்தான். தண்டி, வேதாரண்யம், காந்தி, ராஜாஜி. தேர்வு எழுத இது போதும் தோழர்களே. ஆனால் அதற்கு 125 ஆண்டுகள் முன்பே ஒரு வணிக நிறுவனம் நம் உப்பளங்களைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது. அந்தப் பூட்டால் யாருடைய கூழ் சப்பிட்டுப் போனது என்பதை நாம்தான் கேட்டாக வேண்டும்.

1805ல் சென்னை மாகாணத்தில் உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம் ஆனது. அளத்தில் விளைந்ததைக் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும், அது சொல்கிற விலைக்கு. மக்கள் வாங்குவதும் அது சொல்கிற விலைக்கே. முதலில் கரிசைக்கு 70 ரூபாய். நான்கே ஆண்டில் 105. 1844ல் உள்நாட்டுச் சுங்கத்தை நீக்கினார்கள், வணிகர்களுக்குக் கொண்டாட்டம். அந்த வருவாய் இழப்பை ஈடுகட்ட உப்பு விலையை ஏற்றினார்கள். கரிசைக்கு 120, அதாவது மணங்குக்கு ஒரு ரூபாய்.

ஏன் உப்பு? தங்கத்தின் விலை ஏறினால் வாங்காமல் இருந்துவிடலாம். உப்பில்லாமல் உயிர் வாழ முடியாது. மிராசுதாரும் பண்ணையாளும் ஒரு மணங்குக்கு ஒரே வரி கட்டினார்கள். நாளெல்லாம் வெயிலில் வியர்வை சிந்துகிறவனுக்கு உப்பு கூடுதலாகத் தேவை. கூழுக்கு உப்பும் மிளகாயுமே தொடுகறி என்றால், அந்த வீட்டில் வரியின் பாரம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

1858ல் கம்பெனி ஆட்சி போனது, பூட்டு போகவில்லை. ராணியின் அரசு சாவியை வாங்கிக்கொண்டது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். நிலமில்லாத கூலிகள், அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள், கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்குக் கூலியைக் குறைத்தார்: ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியம், கூடவே ஓர் அணா. அந்தப் பஞ்சத்தின் ஈரம் காயாத 1878லேயே சென்னை மாகாண உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக ஏறியது. கணக்குப் போடுங்கள்: 40 அணா. நிவாரணக் கூலியில் கிடைக்கும் காசில் 40 நாள்.

கடலோரம் இல்லாத ஊர்களில் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள் உப்பிலியர், உப்பரர். அந்த மண்ணை அள்ளுவதே குற்றமானது. உப்பு இலாகாச் சேவகன் கண்ணில் பட்டால் வழக்கு. தலைமுறைத் தொழிலை இழந்த இவர்களில் பலர் குளம் வெட்டும் மண்வேலைக்குப் போனார்கள். வேதாரண்யத்தைப் பாடுகிறவர்கள் இவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இடையில் ஒன்று. 1927 மார்ச் 20ல் மகாத் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளினார். 1930 ஏப்ரல் 6ல் காந்தி ஒரு பிடி உப்பு அள்ளினார். உப்பைப் பூட்டியது அந்நிய அரசு. நீரைப் பூட்டியது பக்கத்துத் தெருக்காரன். எதற்கு முழுப் பாடம் கிடைத்தது, எதற்கு இரண்டு வரி கிடைத்தது என்பது உங்களுக்கே தெரியும்.

1947ல் உப்பு வரி நீங்கியது. ஆனால் 2006 மே மாதம் முதல், அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்கத் தடை. அயோடின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது குறைந்தால் கழுத்துக் கழலை வரும், குழந்தையின் மூளை வளர்ச்சி கெடும்; அதில் முதலில் அடிபடுவதும் ஏழைக் குழந்தைதான். என் கேள்வி வேறு. அயோடின் கலக்கும் இயந்திரமும் பாக்கெட் போடும் முதலும் யாரிடம் இருந்தன? பெரிய நிறுவனத்துக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. நாலு பாத்தி வைத்திருப்பவருக்கோ கடையை மூடும் விஷயம். சிறு உற்பத்தியாளருக்கு அரசே பொது நிலையம் அமைத்து அயோடின் கலந்து கொடுத்திருந்தால் நோயும் தடுக்கப்பட்டிருக்கும், பிழைப்பும் மிஞ்சியிருக்கும். 2011ல் உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்தின் வரம்பை மீறியது என்றது. கட்டாயம் மட்டும் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் வழியாக இன்றும் தொடர்கிறது.

தூத்துக்குடி அளங்களில் வெயிலின் கூச்சம் கண்ணைக் கெடுக்கும் என்று விடியுமுன்பே இறங்குகிறார்கள் பெண்கள். உப்பு நீரில் வெந்த பாதத்தோடு பாத்தியில் நடக்கிறார்கள். ஐப்பசி மழை தொடங்கினால் அளம் மூடிவிடும். அந்த மாதங்களில் கூலியும் கிடையாது.