கறுப்புக் கோட்டும் கந்தல் மூட்டையும்



"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. வரலாறு கற்போர் இதனைச் சற்றே ஆராய்தல் வேண்டும். ஆடையைக் கண்டு அதனை அணிந்தவரைப் பற்றி நாம் எவ்வளவு அறியலாம்? எவ்வளவு அறிய இயலாது? இதற்கு நம் புதுச்சேரியே நல்லதொரு பாடம்.

இவ்வூரில் ஒருகாலத்தில் காலணியும் வழக்குமன்றம் ஏறியது. 1873ஆம் ஆண்டில், பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றபோது தடுக்கப்பட்டார். அவர் பாரிஸ் நகரம் வரை முறையிட்டு வெற்றி கண்டார். காலணி சிறுபொருள்தான்; அதில் அடங்கியிருந்த உரிமையோ சிறிதன்று.

அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1908இல், சுப்பிரமணிய பாரதியார் இவ்வூருக்கு வந்தார். சென்னையில் 'இந்தியா' இதழின்மீது ஆங்கில அரசின் அடக்குமுறை பாய்ந்தமையால், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை அவர் நாடினார். பத்தாண்டுகள் இங்கே வாழ்ந்தார். வேட்டி, கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, முறுக்கிய மீசை ஆகியவற்றோடு கூடிய அத்தோற்றத்தை அறியாத தமிழர் யார்?

அக்கோலம் தற்செயலாக அமைந்ததன்று. 1898 முதல் 1902 வரை காசியில் பயின்ற காலத்தில், அவர் தம் குலவழக்கத்தை மீறிக் குடுமியை நீக்கினார், மீசை வளர்த்தார், தலைப்பாகை கட்டினார். வேட்டி தமிழ்நாட்டினது, தலைப்பாகை வடநாட்டைப் பின்பற்றியது, கோட்டு ஐரோப்பாவிலிருந்து வந்தது. மூன்றும் ஒருவரிடத்தே இணங்கி நின்றன.

அவருடைய மொழியும் அவ்வாறே அமைந்தது. வடமொழியும் பழந்தமிழும் பயின்றவர் அவர். எனினும், 1912இல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகத்தை வெளியிட்டபோது, வியாசர் சொன்ன பழங்கதையை எல்லோருக்கும் விளங்கும் எளிய சொற்களில் அளித்தார். பழமையை அவர் எறிந்துவிடவில்லை. அதற்குப் புத்தாடை தைத்து உடுத்தினார்.

ஆனால், நிழற்படத்தில் கம்பீரமாகத் தோன்றும் அக்கோட்டு, அவர் வீட்டின் வறுமையைச் சொல்வதில்லை. ஆங்கில அரசு 'இந்தியா' இதழைத் தன் எல்லைக்குள் வரவிடாது தடுத்தது. 1910இல் இதழ் நின்றது, வருவாயும் குன்றியது.

அக்காலத்தே புதுச்சேரித் தெருக்களில் குள்ளச்சாமி என்னும் துறவி ஒருவர் பித்தரைப் போலத் திரிந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவர் அழுக்குக் கந்தல்களை மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்து வந்தார். பாரதியார் நகைத்து, இது என்ன கோலம் என்று வினவினார். தாம் வெளியே சுமப்பதைப் பாரதியார் உள்ளே சுமப்பதாகச் சாமி விடையளித்துச் சென்றார். மனத்துள் பழங்குப்பைகளைச் சுமத்தல் தகாது என்பதே அதன் பொருள் எனக் கொண்ட பாரதியார், அந்நிகழ்ச்சியைத் தம் 'பாரதி அறுபத்தாறி'ல் பாடிவைத்தார். கந்தல் சுமந்தவரைக் குருவாக ஏற்றது அவர் பெருமை.

இந்தப் பாடலைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தியவன் நான். ஆயினும் அதனை நான் கற்றிருக்கவில்லை. ஒரு டிசம்பர் 11ஆம் நாள், பாரதியார் பிறந்தநாள் விழாவில் பேச வந்த மாணவன் ஒருவன், தன் உடலுக்குப் பொருந்தாத பழைய கறுப்புக் கோட்டை அணிந்திருந்தான். வேடிக்கை செய்கிறான் என்று எண்ணிய நான், "கோட்டைக் கழற்று, சீருடையில் மேடை ஏறு" என்று பலர்முன் கடிந்தேன். அவன் மறுமொழி கூறாது கழற்றினான். உள்ளே இருந்த சீருடைச் சட்டை முதுகுப்புறம் முழுதும் கிழிந்திருந்தது. அன்று அவன் பேசவில்லை. பின்னர் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, ஐயா" என்றான். அச்சொல்லே இன்றும் என்னை வருத்துகிறது.

ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு நினைவில்லமாக விளங்குகிறது. நண்பர்களே, ஒருமுறை அங்குச் செல்லுங்கள். அங்கே அவர் திருவுருவைக் காணும்போது, அக்கோட்டு அறிவிக்கும் துணிவைப் படியுங்கள். அது மறைத்து நிற்கும் துன்பத்தையும் எண்ணிப் பாருங்கள். பின்னர் உங்கள் வகுப்பில் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவனையும் அதே கண்ணோடு நோக்குங்கள்.