கைவிலங்கும் களிம்பும்

எங்கள் திருமலைராயன்பட்டினத்திலிருந்து தெற்கே போனால் வாஞ்சூர். அதைத் தாண்டினால் நாகூர். 1954-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி வரையில் வாஞ்சூர் எல்லை இரண்டு ஆட்சிகளைப் பிரித்தது. இந்தப் பக்கம் பிரஞ்சுக்காரரின் தண்டனைச் சட்டம். அந்தப் பக்கம் 1860-இல் இங்கிலீஷ்காரர் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டம். எல்லையில் நடந்த கடத்தல் கதைகளைப் பெரியவர்கள் வேண்டிய மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கோ, அந்த இரண்டு சட்டங்களையும் அடிபட்ட ஒரு பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால் என்ன என்று தோன்றியது.

பிரஞ்சுத் தண்டனைச் சட்டம் 1810-இல் பிறந்தது. அதன் 324-ஆம் பிரிவு ஒரு விசித்திரம். தன் வீட்டிலேயே மனைவியையும் அவளுடைய காதலனையும் கையும் களவுமாகப் பிடித்த கணவன் அவர்களை அங்கேயே கொன்றுவிட்டால், அது சலுகைக்குரிய குற்றம். தண்டனை வெகுவாகக் குறையும். அதே நிலையில் மனைவி கணவனைக் கொன்றால் இந்தச் சலுகை கிடையாது! பிரான்ஸ் தேசத்திலேயே 1975 வரைக்கும் இந்தப் பிரிவு ஏட்டில் இருந்தது. இங்கிலீஷ்காரர் சட்டம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசவில்லை. திடீரென்று மூண்ட கடுங்கோபத்தில் செய்த கொலைக்குத் தண்டனை குறையும் என்று பொதுவாகச் சொல்லிற்று. அந்த வாதத்தோடு கோர்ட்டில் வந்து நின்ற கணவன்மார்களுக்குக் குறைவில்லை.

கோபத்தை அளக்க இப்படி இரு தரப்பிலும் அளவுகோல் இருந்தது. காயத்தை ஆற்றுவதற்கு என்ன இருந்தது? பிரஞ்சு முறையில், பாதிக்கப்பட்டவர் கிரிமினல் வழக்கிலேயே ஒரு கட்சியாகச் சேர்ந்து நஷ்டஈடு கேட்கலாம். இந்தியப் பக்கத்தில், 1898-ஆம் வருஷத்து நடைமுறைச் சட்டப்படி, குற்றவாளி கட்டும் அபராதத்திலிருந்து ஒரு பங்கைக் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிடலாம். இரண்டுமே குற்றவாளியின் மடியை நம்பியவை. அவன் பரம ஏழையானாலோ, அகப்படாமல் தப்பினாலோ, அடிபட்டவளுக்கு ஒன்றுமில்லை. சர்க்காருக்கு இதில் ஒரு கடமை உண்டென்று இரு சட்டங்களும் நினைக்கவில்லை.

1963-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் எங்கள் பக்கத்துக்கும் வந்துவிட்டது. அதன் 326-ஆம் பிரிவில் அரிக்கும் பொருள்களால் உண்டாக்கும் கொடுங்காயம் என்பது ஆதியிலிருந்தே இருந்தது. ஆயுள் தண்டனை வரை கொடுக்க முடிந்தது. திராவகம் வீசுகிறவனைச் சட்டத்துக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

2012-ஆம் வருஷம் தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் 14. காரைக்கால் பெண் ஒருத்தி, 23 வயது, இஞ்சினீயரிங் படித்துச் சென்னையில் உத்தியோகம் பார்த்தவள், பண்டிகை முடிந்து தகப்பனாருடன் பஸ் ஏறப் போனாள். தன்னைக் கட்டிக்கொள்ள மறுத்தாள் என்ற ஆத்திரத்தில் ஒருவன் அவள் மீது திராவகத்தை வீசினான். இரண்டு கண்களும் போயின. நாடறிந்த பெயர்தான், நான் அதை இங்கே எழுதவில்லை. வைத்தியச் செலவு அந்தக் குடும்பத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது. பத்திரிகைகளிலும் இணையத்திலும் வேண்டுகோள் போயிற்று. முன்பின் அறியாதவர்கள் பணம் அனுப்பினார்கள். மூன்று மாதம் போராடி, 2013 பிப்ரவரி 12-ஆம் தேதி சென்னையில் அவள் இறந்தாள். அதே ஆகஸ்டில் காரைக்கால் கோர்ட்டு குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஒன்பது மாதத்தில் தீர்ப்பு! கைவிலங்கு தாமதிக்கவில்லை. களிம்புக்குத்தான் ஊரார் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் சட்டம் அப்போது மாறிக்கொண்டிருந்தது. குற்றவாளி அகப்படாவிட்டாலும் பாதிக்கப்பட்டவருக்கு மாநில அரசு நிதி கொடுக்க வேண்டும் என்ற 357ஏ பிரிவு 2009-இன் கடைசி நாளில் அமலுக்கு வந்திருந்தது. டில்லிச் சம்பவத்துக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரி 23-இல் அறிக்கை கொடுத்தது. பிப்ரவரி 3-இல் அவசரச் சட்டம் பிறந்தது. திராவக வீச்சு தனிக் குற்றமாயிற்று. ஏப்ரலில் வந்த நிரந்தரச் சட்டம் குறைந்தது 10 வருஷச் சிறையும், வைத்தியச் செலவுக்குப் போதுமான அபராதமும் விதித்தது. காரைக்கால் பெண் இறந்தது அவசரச் சட்டம் பிறந்த ஒன்பதாம் நாள்.

டில்லியில் 2005-இல் திராவகத்தால் தாக்கப்பட்ட லட்சுமி என்ற பெண் தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 18-இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. திராவகம் விற்பவர் வாங்குபவரின் பெயர், விலாசம், காரணம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தது 3 லட்சம் ரூபாய். அதில் 1 லட்சம் 15 நாளைக்குள். 2015-இல் தனியார் ஆஸ்பத்திரிகளும் இலவசமாகச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று அதே கோர்ட்டு சொல்லிற்று. 2018-இல் வகுக்கப்பட்ட தேசியத் திட்டம், முகம் சிதைந்தவர்களுக்கு 7 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்றது.

பங்களாதேஷ் இதில் நமக்கு முந்தியது. அங்கே 2002-இல் மட்டும் ஏறக்குறைய 500 பேர் திராவகத்துக்கு இரையானார்கள். அந்த வருஷமே இரண்டு சட்டங்கள் செய்தார்கள்: ஒன்று தண்டனைக்கு, மற்றொன்று திராவக வியாபாரத்துக்கும் மறுவாழ்வுக்கும். பத்து வருஷத்தில் எண்ணிக்கை நூறுக்குள் இறங்கிற்று. தூக்குத் தண்டனை ஒன்றே இதைச் சாதித்தது என்று நான் நம்பவில்லை. லைசென்ஸ் இல்லாமல் திராவகம் விற்பதும் குற்றமாயிற்று. காயம்பட்டவர்களைக் கவனிக்க 1999 முதல் ஒரு தனி ஸ்தாபனமும் வேலை செய்தது. கை, கடை, காயம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

நம் கடைத்தெருவில் கழிவறை கழுவத் திராவகம் வாங்கினால் கடைக்காரர் பதிவேட்டை எடுக்கிறாரா என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு விஷயத்தையும் அவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அடிபட்ட பெண்ணை எந்த ஆஸ்பத்திரியும், அரசாங்கத்துடையதானாலும் தனியாருடையதானாலும், பணம் கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது. அனுப்பினால் அது குற்றம். நிதி உதவிக்குத் தீர்ப்பு வரும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டப்பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுத்தால் போதும். இதெல்லாம் ஏட்டில் ஏற நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாயிற்று. நம் ஊர்ப் பெண்ணுக்கு அது நேரத்தில் எட்டவில்லை. அடுத்தவளுக்காவது, கூட நிற்கிறவர்கள் இதை அறிந்திருந்து கேட்டு வாங்கித் தர வேண்டும்.