சமனிலிகளும் சமுதாயத் தேவையும்

கணித வரலாற்றிலே சமன்பாடு பெற்ற சிறப்பினைச் சமனிலி நெடுங்காலமாகப் பெறவில்லை. பெரிது, சிறிது என்பவற்றைச் சுட்டும் இன்றைய குறியீடுகள், ஆங்கிலேயரான தோமஸ் ஹரியற் இறந்து பத்து ஆண்டுகளின் பின்னர், 1631இல் வெளிவந்த அவரது நூலிலேயே முதன்முதலாக அச்சேறின. அதன் பின்னரும் ஏகபரிமாணச் சமனிலித் தொகுதிகள் தனியானதோர் ஆய்வுத் துறையாக வளர்வதற்கு மூன்று நூற்றாண்டுகள் சென்றன. இத்தாமதத்தின் காரணத்தைக் கணிதத்தினுள் மட்டும் தேடுதல் போதாது.

இரு மாறிகள் கொண்ட ஏகபரிமாணச் சமன்பாட்டின் வரைபு ஒரு நேர்கோடாகும். சமனிலியோ அக்கோட்டின் ஒரு புறத்தே அமைந்த தளப்பகுதி முழுவதையும் தீர்வாகக் கொள்வது. பல சமனிலிகளை ஒரே தளத்தில் வரையுமிடத்து, அவை யாவற்றுக்கும் பொதுவான பிரதேசமே தொகுதியின் தீர்வாகும். ஒற்றை விடையை நாடிய கணிதத்திற்கு, எண்ணிறந்த விடைகளைத் தரும் இத்தொகுதி கவர்ச்சியற்றதாகத் தோன்றியமை வியப்பன்று.

1820களில் பிரான்சிய அறிஞர் யோசேப் பூரியர் இத்தொகுதிகளை ஆராய்ந்தார். மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கும் முறையை அவர் வகுத்தார். தீர்வுப் பிரதேசத்தின் ஓர் உச்சியிலிருந்து மற்றோர் உச்சிக்கு இறங்கிச் சென்று மிகத் தாழ்ந்த புள்ளியை அடையலாம் என்பதையும் கண்டார். எனினும் அக்கருத்து பெரிதும் கவனிக்கப்படாதே கிடந்தது.

1938இல் லெனின்கிராட்டின் ஒட்டுப்பலகைத் தொழில் ஆய்வுகூடமொன்று, ஐவகை மூலப்பொருள்களை எட்டு இயந்திரங்களுக்கிடையே எவ்வாறு பகிர்வது என வினவியது. இருபத்தாறு வயதினரான லியோனிட் கன்ரறோவிச் அதனுள் பொதுவானதோர் உண்மையைக் கண்டு, 1939இல் சிறுநூலாக வெளியிட்டார். வளங்கள் வரையறைக்குட்பட்டவை, ஒவ்வொரு வரையறையும் ஒரு சமனிலி, அவற்றிற்கு அடங்கிய திட்டங்களுள் சிறந்ததைத் தெரிதலே திட்டமிடல். ஆனால், அருமையான வளங்களுக்கு அவரது முறை அளித்த மதிப்பீடுகள் உழைப்பே பெறுமதியின் ஊற்று என்ற கொள்கைக்கு முரணானவை எனக் கருதப்பட்டன. 1942இல் அவர் எழுதி முடித்த பெருநூல் 1959இலேயே வெளிவந்தது.

அமெரிக்காவில் நிலைமை வேறாயிருந்தது. விமானப்படையின் திட்டமிடல் தேவைக்காக 1947இல் ஜோர்ஜ் டான்சிக், உச்சிக்கு உச்சி நகர்ந்து சிறந்த தீர்வை அடையும் சிம்பிளெக்ஸ் முறையை உருவாக்கினார். பொருளியலறிஞர் ஸ்டிக்ளர், 77 உணவுகளிலிருந்து ஒன்பது போசணைத் தேவைகளை நிறைவுசெய்யும் மலிவான உணவுத் திட்டத்தின் ஆண்டுச் செலவை 39.93 டொலர் என 1945இல் மதிப்பிட்டிருந்தார். புதிய முறை 39.69 டொலர் எனக் கண்டது. அக்கணிப்பை ஒன்பது எழுதுவினைஞர்கள் மேசைக் கணிபொறிகளைக் கொண்டு செய்தமையால், ஏறத்தாழ 120 மனித நாள்கள் செலவாயின.

1975இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கன்ரறோவிச்சுக்கும் கூப்மன்சுக்கும் வழங்கப்பட்டது. டான்சிக் அதிற் பங்கு பெறவில்லை.

பூரியரின் கருத்துக்குச் சமுதாயத் தேவை இருக்கவில்லை. கன்ரறோவிச்சின் காலத்திலோ தேவை இருந்தது; அதனை ஏற்கும் மனம் இருக்கவில்லை. அறிவின் வளர்ச்சிக்கு இவ்விரண்டும் வேண்டுமென்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம். பாடசாலை மாணவன் வரைபுத்தாளில் நிழற்றும் சிறு பிரதேசத்தின் பின்னால் இவ்வரலாறும் உண்டு.